அன்றாட முடிவுகளில் தேவசித்தம் தெளிதல்

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, பூர்வீக வயலை விற்பதா வைத்திருப்பதா, மனஸ்தாபத்தால் பேச்சு நின்றுபோன அண்ணன் வீட்டுக் கலியாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று இல்லறத்தில் நாளும் எழுகின்ற கேள்விகளுக்கு ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த விடைகள் நேராக உதவுவதில்லை. ஏனெனில் இவற்றுள் பெரும்பாலானவை ஒரு நன்மைக்கும் வேறொரு நன்மைக்கும் நடுவே நிற்கும் கேள்விகள். இத்தகைய சந்தர்ப்பங்களில் ஆண்டவருடைய சித்தம் எப்பக்கம் சாய்கிறது என்பதைப் பிரார்த்தனையாலும் விவேகத்தாலும் கண்டுகொள்ளும் அப்பியாசத்தையே திருச்சபையார் தெளிந்து தேர்தல் என்கின்றனர். 2022 ஆகஸ்ட் 31 தொடங்கி 2023 ஜனவரி 4 வரை பாப்பரசர் பிரான்சிஸ் தம் புதன்கிழமைப் போதனைகளில் இதனையே விரித்துரைத்தார். இந்த அத்தியாயம் அதன் செய்முறையை மட்டும் சொல்லும். அச்செய்முறை முழுவதும் ஒரே விதியில் அடங்கிவிடும்: அடையாளங்களைத் தேடி வெளியே அலையாமல், உங்கள் உள்ளத்தில் நிகழ்வதை ஒழுங்காகவும் பல நாட்கள் தொடர்ந்தும் கவனித்து, அதன் பிறகே முடிவு செய்யுங்கள்.

தொடங்குமுன்: எது ஆராய்ச்சிக்கு உரியது?

எல்லாக் கேள்விகளையும் பீடத்தின் முன் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை. கீழ்க்காணும் மூன்று சோதனைகளிலும் தேறிய கேள்வியை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு வழிகளும் நல்லவையா? வீட்டுமனைப் பத்திரத்தில் கொடுத்த விலையைக் குறைத்து எழுதலாமா, வேலைக்காகக் கையூட்டுக் கொடுக்கலாமா என்பன ஜெபித்து அறிய வேண்டிய விஷயங்கள் அல்ல. விடை முன்னமே தெரிந்தது. நன்மை விளையும் என்பதற்காகத் தீமை செய்வது ஒருபோதும் தகாது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1789-ஆம் எண்ணில் விதிக்கிறது.
2. முடிவு உங்களுடையதா? மகள் கன்னியர் மடத்தில் சேர வேண்டுமா என்பதைத் தாய் ஆராய முடியாது. மகளின் முடிவைத் தாம் எப்படி ஏற்றுக்கொள்வது என்பதையே அவர் ஆராயலாம்.
3. கேள்வி இன்னும் திறந்திருக்கிறதா? திருமணம், குருத்துவம் ஆகிய மாற்றமுடியாத வாக்குகளை மீண்டும் தராசில் ஏற்ற வேண்டாம் என்று புனித இஞ்ஞாசியார் தெளிவாகச் சொல்கிறார். அவ்வாக்கை எப்படிச் செவ்வையாக வாழ்வது என்பதே அங்கே எழத்தக்க கேள்வி.

போதுமான அளவு தத்துவம்

1521-ஆம் ஆண்டு மே மாதம் பாம்பலூனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து, லொயோலா மாளிகையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த இஞ்ஞாசியார், தாம் விரும்பிய வீரக் கதைகள் அங்கே கிடைக்காமையால், கிறிஸ்துவின் சரிதத்தையும் அர்ச்சிஷ்டவர்களின் சரிதங்களையும் வாசிக்கலானார். ஒரு சீமாட்டிக்காகச் செய்யப்போகும் சாகசங்களைக் கற்பனை செய்தபோதும் இன்பம் இருந்தது. அர்ச்சிஷ்டவர்களைப் போல வாழ்வதாகக் கற்பனை செய்தபோதும் இன்பம் இருந்தது. ஆனால் முதலாவது கற்பனை கலைந்தபின் உள்ளம் வறண்டது. இரண்டாவது கலைந்த பின்னும் நிறைவு நீடித்தது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததே பிற்காலத்தில் அவர் எழுதி, பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1548-இல் அங்கீகரித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலின் விதிகளுக்கு வித்து.

நீங்கள் அறிய வேண்டிய சொற்கள் இரண்டே. விசுவாசமும் நம்பிக்கையும் அன்பும் பெருகி, ஆண்டவர்பாலும் அயலார்பாலும் உள்ளம் விரியும் நிலை *ஆறுதல்*. உள்ளம் இருண்டு, கலங்கி, சோம்பி, தன்னைத்தானே சுற்றிச் சுருங்கும் நிலை *வறட்சி*. ஆறுதல் என்பது குதூகலம் என்று எண்ணிவிடாதீர்கள். தன் தவற்றை நினைத்து வடிக்கும் கண்ணீரும் ஆறுதலாக இருக்கலாம், சம்பள உயர்வால் வந்த துள்ளல் ஆறுதலாக இல்லாமலும் போகலாம்.

தினப் பயிற்சி: இரவில் 15 நிமிடம்

பெரிய முடிவு வரும் நாளில் புதிதாக இதைக் கற்றுக்கொள்ள இயலாது. ஆதலால், இரவு உணவுக்குப் பின், தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்த ஒரு மூலையில் அமர்ந்து, இஞ்ஞாசியார் வகுத்த ஆத்தும சோதனையின் ஐந்து படிகளையும் இவ்வொழுங்கு மாறாமல் செய்து வாருங்கள்.

1. நன்றி. அன்றைய நாளில் பெற்ற நன்மை இரண்டு மூன்றைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள்.
2. ஒளி. உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதிருக்கப் பரிசுத்த ஆவியின் உதவியைக் கேளுங்கள்.
3. நோட்டம். காலை முதல் மணி மணியாக நாளைத் திரும்பப் பாருங்கள். எங்கே உள்ளம் விரிந்தது, எங்கே சுருங்கியது, அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது?
4. மன்னிப்பு. தவறியதற்கு மனஸ்தாபப்படுங்கள், ஒன்றிரண்டு வாக்கியம் போதும்.
5. நாளை. நாளைக்குச் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தைத் தீர்மானித்து, பரலோக மந்திரத்தோடு முடியுங்கள்.

*குறிப்பு:* ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு ஓரிரு வரி எழுதி வையுங்கள். 'மதியம், மாமியாரிடம் விலையை மறைத்துப் பேசினேன். மாலைவரை மனம் சரியில்லை' என்பதுபோன்ற வரியே பிற்பாடு பயன்படும். 'இன்று நல்ல நாள்' என்பது பயன்படாது.

*அடிக்கடி நேரும் பிழை:* மூன்றாம் படியைப் பாவங்களின் பட்டியலாக மாற்றிவிடுவது. அது பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம். இங்கே நன்மையும் தீமையும் உள்ளத்தில் எவ்வழியாக நுழைந்தன என்று பார்ப்பதே நோக்கம்.

ஒரு முடிவை எடுக்கும் ஒழுங்கு

எடுத்துக்காட்டாக ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனையொன்றில் பணிபுரியும் செவிலியர் ஒருவருக்குக் குவைத்தில் வேலை வந்திருக்கிறது. வீட்டில் முதிய தாய், ஐந்து வயது மகன், கட்டி முடிக்காத வீட்டின் கடன். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். 'வெளிநாடு போகலாமா' என்பது கேள்வியன்று, கனவு. 'வரும் ஜூன் மாதம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்குப் போவதா, இப்போதைய வேலையில் நீடிப்பதா' என்பதே கேள்வி.

படி 2: விவரங்களைத் திரட்டுங்கள். சம்பளம், விடுப்பு, தங்குமிடம் ஆகியவை எழுத்தில் இருக்கின்றனவா, ஆளெடுக்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா, மகனைப் பள்ளிக்கு அனுப்புவது யார், கடன் தவணை எத்தனை மாதம் என்பவற்றையெல்லாம் விசாரித்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். சென்னையிலுள்ள அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒருமுறை கேட்டறிவதும் இப்படியில் சேர்ந்ததே. விசாரித்தால் தெரியக்கூடியதை ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருப்பது பக்தி ஆகாது.

படி 3: பற்றின்மையைக் கேளுங்கள். 'நீர் எதைக் காட்டினாலும் ஏற்பேன்' என்று இரண்டு பக்கத்துக்கும் மனமாரச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், தடுப்பது எது என்று பெயரிட்டு எழுதுங்கள். 'நாத்தனார் மாடி எடுத்துவிட்டாள், நாங்கள் இன்னும் கூரைக்குக் கீழே' என்று செவிலியரின் நோட்டில் ஒரு வரி விழுமானால், ஆராய்ச்சியின் பாதி முடிந்தது போலத்தான். அந்தப் பற்று தளரும்வரை இப்படியிலேயே தங்குங்கள். இதைத் தாண்டிக் குதித்தவர்கள் தாங்கள் முன்பே எடுத்துவிட்ட முடிவுக்குத் தேவ முத்திரை குத்துவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

படி 4: நான்கு பத்தி வரையுங்கள். போவதன் அனுகூலங்கள், பிரதிகூலங்கள். நீடிப்பதன் அனுகூலங்கள், பிரதிகூலங்கள். பிறகு ஒவ்வொரு காரணத்தின் அருகிலும் அது எதிலிருந்து பிறந்தது என்று ஒரே சொல்லில் குறியுங்கள்: அன்பு, கடமை, பயம், பெருமை, களைப்பு. எண்ணிக்கையால் முடிவு செய்யாதீர்கள். பயத்தில் பிறந்த ஏழு காரணங்களைவிட அன்பில் பிறந்த ஒரு காரணம் கனமாக இருக்கலாம்.

படி 5: மூன்று இடங்களில் நின்று பாருங்கள். இவை மூன்றும் இஞ்ஞாசியார் வகுத்தவை. முன்பின் அறியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால், அவருடைய நன்மை ஒன்றையே நாடி என்ன சொல்வீர்கள்? மரணப் படுக்கையில் இருந்து திரும்பிப் பார்க்கையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள்? நடுத்தீர்வை நாளில் ஆண்டவர் முன் நிற்கும்போது எதைத் தேர்ந்தவராக நிற்க விரும்புவீர்கள்? மூன்று விடைகளையும் எழுதுங்கள்.

படி 6: முடிவை அணிந்து பாருங்கள். மூன்று நாள், யாருக்கும் சொல்லாமல், போவதென்று முடிவாகிவிட்டதாகவே எண்ணிச் சமைத்து, வேலைக்குப் போய், மகனைத் தூங்கவையுங்கள். அடுத்த மூன்று நாள், நீடிப்பதென்று முடிவானதாக எண்ணி அவ்வாறே நடந்துகொள்ளுங்கள். ஒவ்வோர் இரவும் ஆத்தும சோதனையில் உள்ளத்தின் நிலையைக் குறித்து வையுங்கள்.

படி 7: தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய எண்ணம் இடையில் மெல்லத் தாழ்ந்து, கடைசியில் கலக்கத்திலோ கர்வத்திலோ முடியக்கூடும். நன்மையில் முன்னேறுகிற ஆன்மாவில் நல்ல ஆவியின் தூண்டுதல் பஞ்சில் விழும் நீர்த்துளி போல ஓசையின்றி இறங்கும், தீய ஆவியினுடையது கல்லில் விழும் துளிபோலத் தெறிக்கும் என்று இஞ்ஞாசியார் உவமிக்கிறார். அமைதியாக இறங்கியது எது, பரபரப்போடு தெறித்தது எது என்று ஆறு நாள் குறிப்பையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள்.

படி 8: மூவரிடம் பேசுங்கள். விஷயம் தெரிந்த ஒருவர், முடிவால் பாதிக்கப்படும் ஒருவர், ஆன்ம வழிகாட்டியாகிய குருவோ கன்னியரோ அனுபவமுள்ள பொதுநிலையினரோ ஒருவர். ஐந்து வயதுப் பிள்ளையிடம் முடிவைக் கேட்கக்கூடாது. ஆனால் அம்மா வீட்டில் இல்லாத நாட்களில் அவன் எப்படி இருந்தான் என்று பார்த்திருக்க வேண்டும்.

படி 9: முடிவு செய்து, காணிக்கையாக வையுங்கள். தேர்ந்ததைத் திருப்பலியில் காணிக்கை நேரத்தில் ஒப்புக்கொடுத்து, உறுதிப்பாட்டைக் கேளுங்கள். சில நாட்களுக்குள் அமைதி ஆழமானால் செயலில் இறங்குங்கள்.

*எவ்வளவு காலம்?* கலியாணத்துக்குப் போவதா என்பதற்கு ஓர் இரவின் சோதனை போதும். பள்ளி மாற்றத்துக்கு ஒரு வாரம் வேண்டும். வேலை, வீடு, இடப்பெயர்ச்சி முதலியவற்றுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். தம் சபையின் ஏழ்மையைப் பற்றிய ஒரே கேள்விக்காக 1544-இல் இஞ்ஞாசியார் நாற்பது நாள் திருப்பலியில் வேண்டிக் குறிப்பெழுதினார் என்பதை நினைவில் கொண்டால், ஒரு மாதம் அதிகமாகத் தோன்றாது.

குடும்பமாகக் கூடி முடிவெடுக்கும்போது

1539-இல் ரோமையில், ஒரு சபையாக இணைந்து தங்களுள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதா என்ற கேள்வியை இஞ்ஞாசியாரும் தோழர்களும் ஆராய்ந்த முறை, நம் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பேசும் குடும்பத்துக்கும் அப்படியே பொருந்தும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் நடுவே உழைத்த புனித சவேரியார் அத்தோழர்களுள் ஒருவர். அம்முறையை இவ்வாறு கையாளலாம்.

1. கேள்வியை எல்லோருக்கும் தெரிவியுங்கள். பேச்சுக்கு ஒரு தேதி குறியுங்கள்.
2. அதுவரை ஒவ்வொருவரும் தனியே ஜெபிக்கட்டும். ஒருவரையொருவர் இணங்கவைக்கும் பேச்சு இடையில் கூடாது. அடுக்களையில் ரகசியமாகக் கட்சி சேர்ப்பதும் கூடாது.
3. முதல் நாள், அந்த முடிவுக்கு எதிரான காரணங்களை மட்டும் எல்லோரும் சொல்ல வேண்டும். அதை விரும்புகிறவரும் எதிர்க்காரணம் சொல்லியே தீர வேண்டும்.
4. மறுநாள், ஆதரவான காரணங்களை மட்டும் எல்லோரும் சொல்ல வேண்டும். எதிர்ப்பவருக்கும் இதே விதி.
5. வயதில் இளையவர் முதலிலும் மூத்தவர் கடைசியிலும் பேசட்டும். அப்பா முதலில் பேசிவிட்டால், பிறகு பேசுகிறவர்கள் அப்பாவுக்குப் பதில் சொல்வார்களேயன்றித் தங்கள் மனத்தைச் சொல்லமாட்டார்கள்.

நம்மிடையே வழக்கமாய்விட்ட பிழைகள்

- வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்த்தல். விரல் பட்ட வசனம் பிடிக்காவிட்டால் இன்னொரு முறை திறப்பவர்கள், உண்மையில் தங்கள் விருப்பத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
- திருவுளச்சீட்டு. அப்போஸ்தலர்கள் மத்தியாசைச் சீட்டால் தேர்ந்தார்களே என்பீர்கள். தகுதியை ஆராய்ந்து இருவரைப் பொறுக்கிய பின்பே அவர்கள் சீட்டுப் போட்டார்கள். அதுவும் பெந்தெகோஸ்தே நாளுக்கு முன். பரிசுத்த ஆவியைப் பெற்ற பிறகு, எருசலேம் சங்கத்தில் எழுந்த பெரிய பிரச்சினையை விவாதித்தும் செவிகொடுத்துமே தீர்த்தார்கள்.
- பேரம். 'விசா வந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன்' என்பது நேர்ச்சை; அதில் குற்றமில்லை. விசா வந்துவிட்டதையே ஆண்டவர் போகச் சொன்னதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது என்பதனால் மட்டும் உள்ளே போகவேண்டும் என்றாகாது.
- வறட்சியில் முடிவை மாற்றுதல். வறட்சிக் காலத்தில் முந்தைய தீர்மானத்தில் உறுதியாக நில்லுங்கள், புதிய மாற்றம் எதுவும் செய்யாதீர்கள் என்பது இஞ்ஞாசியாரின் ஐந்தாம் விதி. இரவு பதினொரு மணிக்கு எழுதும் ராஜினாமாக் கடிதத்தை விடியும்வரை அனுப்பாதீர்கள். அந்நேரத்தில் செய்யத்தக்கது, ஜெபத்தைச் சற்று நீட்டுவதும் காரணத்தை ஆராய்வதுமே.
- உற்சாகத்தில் வாக்குக் கொடுத்தல். தியானக் கூட்டத்தின் கடைசி இரவில் செய்யும் பெரிய சங்கல்பங்களை இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.
- ஒருவரிடமும் சொல்லாதிருத்தல். ஓர் எண்ணம் 'இதைக் குருவிடம் மட்டும் சொல்லாதே' என்று உள்ளே வற்புறுத்துமானால், அதை முதலில் சொல்ல வேண்டியவர் அவரே. தீய ஆவி மறைவை விரும்பும் என்பது பதின்மூன்றாம் விதி.

எச்சரிக்கைகள்

1. மனச்சோர்வு நோய் வேறு, வறட்சி வேறு. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, உயிரை விடலாமென்ற எண்ணமும் தலைகாட்டினால், அது மருத்துவர் பார்க்க வேண்டியது. மத்திய அரசின் 14416 என்ற தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும். மருந்தும் ஜெபமும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. உடல்நிலை தேறும்வரை பெரிய முடிவுகளை ஒத்திவையுங்கள்.
2. வீட்டில் அடி உதை இருந்தால் ஆராய்ச்சி வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்குப் போவதே முதல் வேலை. பெண்களுக்கான உதவி எண் 181. சிலுவையைச் சுமப்பது என்பதன் பொருள் அடிவாங்கிக்கொண்டிருப்பது அன்று.
3. சஞ்சலப் புத்தி. சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறதா? மன்ரேசாவில் இஞ்ஞாசியாரே இந்த வேதனையில் சிக்கித் தற்கொலை எண்ணம்வரை போனார். இத்தகையவர் ஒரே குருவிடம் நிலையாகச் சென்று, அவர் போதுமென்றால் நிறுத்திவிட வேண்டும்; இந்த அத்தியாயத்துப் பயிற்சியையும் அவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.
4. வழிகாட்டி முடிவெடுக்கக்கூடாது. பயிற்சி தருகிறவர் எந்தப் பக்கமும் சாய்க்காமல், ஆன்மாவை ஆண்டவரோடு நேரே பேசவிட வேண்டுமென்பது 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலின் பதினைந்தாம் குறிப்பு. 'ஆண்டவர் உன்னைப் பற்றி எனக்குச் சொன்னார்' என்று கட்டளையிடுகிறவரும், பணமோ இரகசியமோ கேட்கிறவரும் எந்த உடையில் இருந்தாலும் அவரை விட்டு விலகுங்கள்.
5. தேவசித்தத்தை ஆயுதமாக்காதீர்கள். 'நான் ஜெபித்துவிட்டேன், நீ ஒத்துக்கொள்' என்று மனைவியிடமோ பிள்ளையிடமோ சொல்லும் உரிமை இப்பயிற்சியால் யாருக்கும் வருவதில்லை.
6. உடலை வருத்தாதீர்கள். சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முடிவுக்காக உபவாசம் இருக்க வேண்டாம். தூக்கம் குறைந்தால் உள்ளத்தின் அசைவுகளை நம்ப முடியாது.

முடிவுக்குப் பின்

செவிலியர் நீடிப்பதென்று முடிவு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதமே கடன் தவணை தாமதமாகி, வங்கியிலிருந்து அழைப்பு வருகிறது. அதைக் கண்டதும் முடிவே தவறு என்று எண்ணத் தோன்றும். தோன்றினாலும் அது நியாயமான அனுமானமாகாது; சரியான வழியிலும் கஷ்டம் உண்டு. அடிப்படை விவரங்கள் மாறினால், அல்லது பல வாரத்து நோட்டுக் குறிப்பைப் பார்க்கையில் உள்ளம் படிப்படியாகச் சுருங்கிவருவது தெரிந்தால் மட்டுமே கேள்வியை மீண்டும் திறக்கலாம். அப்போதும் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டும். இவை இரண்டும் இல்லாதபோது, வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றியமைக்க வழி கேட்பதே அந்த நாளுக்குரிய தேவசித்தம்.

இந்த வாரத்துப் பயிற்சி

1. இன்றிரவே நோட்டை எடுத்து, ஆத்தும சோதனையின் ஐந்து படிகளையும் ஏழு இரவு தொடர்ந்து செய்யுங்கள்.
2. நான்காம் நாள், எடுக்காமல் தள்ளிப்போட்ட ஒரு சிறிய முடிவைத் தேர்ந்து, முடிவெடுக்கும் ஒழுங்கின் முதல் ஐந்து படிகளை மட்டும் அதற்குப் பயன்படுத்துங்கள்.
3. ஏழாம் நாள் குறிப்பு முழுவதையும் வாசித்து, உள்ளம் சுருங்கிய இடங்களில் ஒரே காரணம் இருமுறைக்கு மேல் வந்திருந்தால் அதன் கீழ்க் கோடிடுங்கள். பெரிய கேள்வி ஒன்று வரும்போது அவ்வொழுங்கின் மூன்றாம் படியில் உங்களை நிறுத்தப்போகும் பற்று பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆதலால் அடுத்த பாவசங்கீர்த்தனத்திலோ வழிகாட்டியைக் காணும்போதோ முதலில் அதைப் பற்றிப் பேசுங்கள்.